சேதாரம்

எடை கூடினால் விலை கூடும்.
செவ்வாய்ப்பேட்டையில் இருபத்தெட்டு வருடமாக
இந்த ஒரு கணக்கில்தான் சாப்பிடுகிறேன்.
ஜெரோம் வேறு கணக்குச் சொன்னான்:
சாதாவைவிட ட்ராக் மாடல்
எழுபத்திரண்டு கிலோ குறைவு,
முப்பத்தொரு லட்சம் அதிகம்.

எதையெல்லாம் எடுத்தீர்கள் என்றேன்.
பின்சீட், தரைவிரிப்பு,
சத்தம் அடைக்கும் பஞ்சு,
கண்ணாடியில் பாதிக் கனம்.
உள்பக்கக் கைப்பிடியைக்கூடக் கழற்றிவிட்டு
சிவப்பு வார் ஒன்றைத் தைத்திருந்தார்கள்,
இழுத்தால் கதவு திறக்கும்.
"ஸ்கூல் பை வாருக்கா முப்பத்தொரு லட்சம்?"
என்றாள் மாலினி.
நான் சிரிக்கவில்லை.
செய்கூலி, சேதாரம் என்று
எத்தனை பேரிடம் முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன்.
(போன மாதம் டாக்டர் என் உடம்பில்
பதினாறு கிலோ குறைக்கச் சொன்னார்.
வாங்கியது ஐந்நூறு ரூபாய்.)

ஞாயிறு, இன்னும் விடியவில்லை.
கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த இரண்டும்
ஏற்காடு அடிவாரத்தில் இறங்கி நின்றன.
மஞ்சள், சாதா. வெள்ளை, ட்ராக்.

ஏறும்போது மஞ்சள்.
இருபது கொண்டை ஊசியையும்
யாரோ முந்தின நாளே வந்து
நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.
ஆறாவது வளைவில் மாலினி தூங்கிவிட்டாள்.
பின்னால் நித்திலா முழங்காலை மடக்கிக்கொண்டு
போனில் யாருக்கோ சிரித்தபடி வந்தாள்.
மேலே வந்துவிட்டோம் என்று
குளிர்தான் சொன்னது.
குறை ஒன்றும் இல்லை.
குறையே இல்லாத சரக்கை
நான் இரண்டாம் முறை உரசிப் பார்ப்பவன்.

ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு
இறங்கும்போது வெள்ளை.
அவர்களை டிரைவர் மஞ்சளில் கூட்டி வர
ஜெரோம் என் பக்கத்தில்.
ஒவ்வொரு கல்லும் பேர் சொல்லி இடுப்பில் ஏறியது.
சில்வர் ஓக் சருகு நசுங்குவது கேட்டது.
முதல் மூன்று வளைவுக்கு பிரேக் வழுக்கியது.
"சூடாகணும் சார், அப்புறம் பாருங்க."
அதை எனக்கா சொல்ல வேண்டும்.
சூடு காட்டாத வெள்ளியும் பேச்சுக் கேட்காது,
மீறி வளைத்தால் கீறல் விடும்.
பதினாறில் பிடித்தது.
பதினான்கில் எனக்குப் பயமாக இருந்தது.
ஜெரோமின் கை சிவப்பு வாரைத் தேடிப் போய்
அது என்ன வார் என்று ஞாபகம் வந்து
மடிக்கே திரும்பியது.
ஐம்பத்திரண்டு வயதில்
ஜிஎஸ்டி நோட்டீஸைத் தவிர வேறொன்றுக்கு
நான் பயந்து எவ்வளவு நாளாயிற்று!

பதினொன்றில், ஏறி வரும் பேருந்துக்கு ஒதுங்கி நின்றோம்.
பின்னாலிருந்த பெரிய இறக்கையில்
ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது.
நம் ஊரில் அதற்கு வேறு உபயோகம்
எனக்குத் தோன்றவில்லை.

கோரிமேட்டில் வேகத்தடை.
முன்தாடை உரசிய சத்தம்
அரம் போடுவதுபோலவே இருந்தது.
பட்டறையில் அரப்பொடியைக் கூட்டி அள்ளி
மறுபடி உருக்கிவிடுவோம்.
இது ரோட்டோடு போயிற்று.

முத்து வெச்சதா, சத்தம் வராததா?
கொலுசு கேட்டு வரும் ஒவ்வொருத்தியிடமும்
நான் முதலில் கேட்பது அதுதான்.
காலை ஆட்டிப் பார்ப்பார்கள்.
ஆபீசுக்குப் போட முடியாதே என்பார்கள்.
கழற்றி, இன்னொன்றை மாட்டி,
மறுபடி முதலாவதை எடுத்து...
இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று
சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

இப்போது ஜெரோம் மணி பார்க்கிறான்.
லாரி கோவைக்குத் திரும்ப வேண்டும்.
"சத்தம் வர்றது" என்றேன்.
"ஆனா பின்சீட் வேணும்."
"ரெண்டும் சேர்ந்து வராது சார்."

தெரியும் தம்பி.
எடை குறைவாக, முத்து நிறைய வேண்டும் என்பவர்களிடம்
தினம் நான் சொல்வதுதான்.

மஞ்சளிலிருந்து இறங்கி வந்த மாலினி
வெள்ளையின் ஜன்னலுக்குள் கையை விட்டு
அந்த வாரை ஒரு தரம்
இழுத்துப் பார்த்தாள்.
பிறகு
இன்னொரு தரம்.