மூன்றில் ஒன்று

நாப்போ ஆற்றங்கரையில் ஏழு கோபுரங்கள்.
காட்டின் தலைக்கு மேல் தலை நீட்டி
ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன.
முதலாவது எர்மெலிந்தாவின் சுகாதார நிலையம்.
ஏழாவது மருத்துவமனை.
நடுவில் இருப்பவை வாங்கும், கொடுக்கும்,
வேறொன்றும் அறியா.

நொடிக்குப் பதினொரு மெகாபிட் என்று
பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது.
அதை நம்பித்தான் வில்தர் கோக்கிஞ்சே ஏணி ஏறினான்,
குளவிக் கொட்டு வாங்கினான்.
கடைசிக் கோபுரத்தில் வந்து இறங்கியது
ஒன்றுக்கும் குறைவு.

இக்கிட்டோஸில், மின்விசிறிக்குக் கீழே
நான் கணக்குப் போட்டேன்.
ஏழுக்கும் ஒரே அலைவரிசை.
ஒன்று பேசினால் அடுத்தது கேட்கவேண்டும்,
அதற்கடுத்தது வாய் மூடவேண்டும்.
ஆக, மூன்றில் ஒன்று.
அதுவும் ஏட்டுச் சுரைக்காய்.
முதலாவதன் குரல் மூன்றாவதுக்கு எட்டாது.
இரண்டும் ஒரே நேரத்தில் கத்த
நடுவில் இருப்பதன் காதில்
இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

மார்ச் மாதம், மழை, இரவு ஒன்றரை மணி.
தெலிசியா நொத்தேனோவின் வயிற்றை ஸ்கேன் எடுத்து
அனுப்பு என்று அழுத்தினாள் எர்மெலிந்தா.
மறுபடி அழுத்தினாள்.
முதல் கோபுரம் அள்ளி அள்ளித் தள்ளியது.
இரண்டாவது நிரம்பி வழிந்தது.
சிந்தியதையெல்லாம் திரும்ப அனுப்பி
அதையும் சிந்தியது.

சிற்றலை வானொலியில் வில்தர்: என்ன செய்ய?
"முதல் கோபுரத்தின் வேகத்தைக் குறை."
கரகரப்பு.
பின்னாலிருந்து அவள் குரல்:
"இங்கே ஒருத்தி துடிக்கிறாள்,
அந்த ஆள் மெதுவாகப் போகச் சொல்கிறானா?"

குறைத்தான். பாதி.
அதிலும் பாதி.
படம் வரத் தொடங்கியது, மேலிருந்து கீழாக:
கருப்பு, சாம்பல், பிறகு
ஒரு முதுகெலும்பு, குறுக்காக.
மருத்துவர் மூன்றே சொற்கள் எழுதினார்:
படகில் ஏற்றுங்கள், இப்போதே.
அவையும் ஆறு தாவல் தாவித்தான் போகவேண்டும்.
போயின.

விடியும்வரை அந்தப் படகு
ஒவ்வொரு சிவப்பு விளக்காகக் கடந்து வந்தது.

என் வரைபடத்தில் அந்த இரவு ஒரு சிறு மேடு.
ஒன்று புள்ளி ஆறு. முன்பைவிட இரு மடங்கு.
கிடை அச்சில் நேரம், செங்குத்தில் மெகாபிட்.
பிள்ளை பிழைத்ததை
வில்தர் சொல்லித்தான் அறிந்தேன்.

வேகத்தை அவன் திரும்பக் கூட்டவில்லை.
கருவியின் மேல் ஒட்டிவைத்திருக்கிறான்: தொடாதே.
எர்மெலிந்தா மட்டும்
இன்றும் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறாள்.