படுக்கை, காலை உணவு, பாதி மரம்

லெர்தா என்றால் மந்தம் என்றார் பேருந்து ஓட்டுநர்.
புன்ட்டா லெர்தா: மந்தமான முனை.
சொல்லிவிட்டு இறங்கி, ஒரு நாயைத் தடவிக்கொடுத்து,
காதில் உண்ணி பார்த்து,
மறுபடி ஏறினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சுற்றுலா வாரம் முடிந்த ஏப்ரல்.
ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்தாயிற்று.
கடல் மட்டும் சீசன் முடிந்தது தெரியாமல்
வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

கிரிசெல்தாவின் வீட்டில் இரண்டு இரவு என்று திட்டம்.
அறைக்குப் பூட்டு கிடையாது, சாவி உண்டு;
கரை ஒதுங்கிய மரத்துண்டில் கோத்த நல்ல சாவி.
"கையில் இருக்கட்டும். வந்தவர்களுக்கு
ஏதாவது கொடுக்க வேண்டாமா?" என்றாள்.
போர்வையில் உப்பும் விறகுப் புகையும்.
இரவெல்லாம் கூரைத் தகரம்
எதையோ மறுத்துக்கொண்டிருந்தது.

காலையில் ரொட்டி, காப்பி, அத்திப்பழ ஜாம்.
மொந்தேவிதேயோவில் நான் பல் வைத்தியன்.
முப்பது வருடமாக ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவன்
கடைவாயில் அத்தி விதை மாட்டி
நாக்கால் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த அறைக்கு வேறு யாரோ பதிந்திருந்தார்கள்.
"பக்கத்தில் இடம் இருக்கும்" என்றாள்,
பெயர் சொல்லாமல், மோவாயால் காட்டி.

பக்கத்து வீடு என்றால் அதே வீடுதான்.
ஒரே கூரை, நடுவில் செங்கல்.
கொல்லைக்கு வந்ததும் சுவர் தயங்கி
அத்தி மரத்தின் முன் நின்றுவிடுகிறது,
மரம் தாண்டி மீண்டும் தொடங்குகிறது.
பதினோரு வருடத்துக்கு முன் நீதிமன்றம் பிரித்ததாம்,
அறை அறையாக, கரண்டி கரண்டியாக.
மரத்தைப் பற்றி தாளில் ஒரு வரி இல்லை என்று
மளிகைக் கடை தெலியா
உருளைக்கிழங்கு நிறுத்தபடி சொன்னாள்.

அந்தப் பக்கம் ஆன்செல்மோ.
ரொட்டி, காப்பி, அதே ஜாம்;
எலுமிச்சை மட்டும் ஒரு பிடி தூக்கல்.
"அங்கே என்ன கொடுத்தாள்?"
கேட்கும்போது முன்பல்லின் உடைந்த முனை தெரிந்தது.
"ஜாம்."
"தித்திப்பா?"
"கொஞ்சம்."
"எத்தனை முறை சொல்லியிருப்பேன்!"
வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாலை மணலில் அவள் எதிரே வந்தாள்,
கையில் மாத்தே குடுவை, கக்கத்தில் பிளாஸ்க்.
காற்றைப் பற்றிப் பேசினாள்,
ஒதுங்கிக் கிடந்த கடல்சிங்கக் குட்டியைப் பற்றி,
அது தானாகவே திரும்பிப் போனதைப் பற்றி.
பிறகு,
"எலுமிச்சை அள்ளிப் போட்டிருப்பாரே?"

என் நாற்காலியில் சாய்ந்தவர்கள் பொய் சொன்னதில்லை,
சொல்ல முடியாது, வாய்க்குள் கருவி இருக்கும்.
என் வாயில் எதுவும் இல்லை. ஆகவே
அவளிடம், சரியாகத்தான் இருந்தது என்றேன்.
அவரிடம், இப்போது சர்க்கரை குறைத்துவிட்டார் போல என்றேன்.
அத்தி பூத்தாற்போல ஒரு சிரிப்பு அவருக்கு வந்தது,
வந்த சுவடு தெரியாமல் போனது.

இப்படியே இரண்டு இரவு ஒன்பது ஆயிற்று.
ஆள் வந்தால் அந்தப் பக்கம், போனால் இந்தப் பக்கம்.
சூட்கேஸின் ஒரு சக்கரம் மணலில் செத்தது.
எந்தக் கட்டிலில் விழித்தேன் என்பதை
அலை எந்தக் காதில் கேட்கிறது என்று வைத்துக் கண்டுபிடித்தேன்.

கடைசி இரவு புயல்.
விடியலில் கொல்லைக் குழாயடியில் நின்று பார்த்தேன்:
சுவரின் இருபுறமும் இரண்டு முதுகுகள்,
குனிந்து, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டு.
அவள் நிமிராமலே கேட்டாள்:
"எத்தனை?"
காற்று கொஞ்சம் யோசித்தது.
"நாற்பத்திரண்டு" என்றது சுவர்.

மரத்தடி இடைவெளியில்
நான்கு பழங்கள் உருண்டு அந்தப் பக்கம் போயின.
சற்றுப் பொறுத்து
ஐந்தாவது.

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்,
வாய் நிறைய நுரை.
நல்லவேளை, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.