நண்டுக்கு மூன்று கையெழுத்து

மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அறை,
ஒரே கரும்பலகை, ஒரே நான்.
ஐந்துக்குப் பின்னம் நடக்கையில்
மூன்றுக்குக் கதை ஓடட்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

வகுப்பில் மின்விசிறி முனகும்.
அலுவலகச் சுவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்.
சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவே மட்டும்
குரல் பஞ்சில் விழுந்ததுபோல் அடங்குகிறது.
சனிக்கிழமை. கதவைச் சாத்தி,
செல்போனைப் பருப்பு டின்மேல் நிறுத்தி,
"உப்பு வாங்கப் போன நண்டு.
எழுதியவர் அரு. நாச்சம்மை" என்று தொடங்கி
கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது:
எழுதியவரைக் கேட்டேனா?

தலைமையாசிரியர் சிரித்தார்.
"தினமும் வகுப்புல படிக்கிறீங்க, சகாயராணி டீச்சர்.
அதுக்கு யாரைக் கேட்டீங்க?"
படிப்பது மணியடித்ததும் காற்றோடு போய்விடும், சார்.
இது போகாது.
நான் லீவில் இருந்தாலும் பேசும்.
பென்டிரைவில் ஏறிப் புதுவயலுக்குப் போகும்,
அங்கிருந்து எங்கோ.

பதிப்பகத்துக்கு எழுதினேன்.
ஆசிரியர் காலமாகி ஒன்பது வருடம்,
உரிமை பிள்ளைகள் மூவருக்கும் என்று
மூன்று முகவரி வந்தது.
பள்ளத்தூரில் இது புதிதில்லை.
பள்ளிக்கு எதிர்வீட்டுக்குப் பதினேழு பங்காளிகள்.
உடைந்த ஓட்டை மாற்றப் பதினேழு கையெழுத்து.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒழுக ஆரம்பித்தது,
இன்னும் ஒழுகுகிறது.
முப்பத்திரண்டு பக்க நண்டுக்கு
மூன்றே பேர் என்பது அதிர்ஷ்டம்.

நங்கநல்லூர் உமையாள் அன்றைக்கே பதில் போட்டார்:
"தாராளமா. ஆத்தா இருந்தா
அவுகளே வந்து வாசிச்சிருப்பாக."

ஈப்போவிலிருந்து சாத்தப்பன்.
பத்திரம்போல் எண் போட்டிருந்தார்.
இரண்டு வருடம். வகுப்பறைக்குள் மட்டும்.
யூடியூப் கூடாது. வாட்ஸப் கூடாது.
ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது.

நான் ஒரு வரியை விட்டிருந்தேன்.
ஆற்றில் உப்பெல்லாம் கரைந்து
வெறுங்கொடுக்கோடு திரும்பிய நண்டை
அம்மா நண்டு ஓங்கி ஓர் அடி வைக்கும்.
எங்கள் பிள்ளைகள் வீட்டில் வாங்குவது போதும் என்று
தாண்டிப் போயிருந்தேன்.
ஒளிக்காமல் எழுதி, விடலாமா என்று கேட்டேன்.
பதினோரு நாள் கழித்து வந்தது:
"அந்த அடி நான் வாங்கியது.
உப்பு இல்லை, சர்க்கரை.
இருக்கட்டும்."

காரைக்குடியில் பெயின்ட் கடை, சோலையப்பன்.
கடிதத்துக்குப் பதிலில்லை. பஸ் ஏறினேன்.
டின்களை எண்ணிக்கொண்டே கேட்டார்,
"இதுல காசு வருமா?"
வராது.
"அப்ப எதுக்குக் கையெழுத்து?"
உங்களுது, அதனால.
எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.
பிறகு கையெழுத்து, ஓரத்தில் நீலக் கைரேகையோடு.
வாசல்வரை வந்தவர் மெதுவாக,
"உப்பு கிடைச்சுதா நண்டுக்கு?
நான் படிச்சதில்லை."
பதிவை அனுப்புறேன் என்று வாயெடுத்து நிறுத்தினேன்.
வகுப்பறைக்குள் மட்டும். உங்க அண்ணன் நிபந்தனை.
வியாழன் பத்தேகாலுக்கு ஓடும், மூன்றாம் வகுப்பு.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே மறுபடி வாசித்தேன்.
அடி விழும் வரியில்
எதிர்வீட்டு மதில்மேல் ஒரு மயில் கத்திவிட்டது.
இன்னொரு முறை வாசித்தால்
அந்த வரி அப்படி வராது என்று விட்டுவிட்டேன்.

வியாழன்.
பலகையில் முக்கால், அரை, கால்.
பின்வரிசையில் நண்டு ஆற்றில் இறங்கிவிட்டது.
சுகந்தேஷ் மட்டும் கதையை விட்டு வெளியே பார்க்கிறான்.
சன்னல் கம்பியை நீல விரல்கள் பிடித்திருந்தன.
உள்ளே வாங்க என்றேன். தலையசைத்து மறுத்தார்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் வகுப்பறையா, இல்லையா?
மதியம் ஈப்போக் கடிதத்தை எடுத்து
முதலிலிருந்து படித்தேன்.
அதில் சன்னலைப் பற்றி ஒன்றுமே இல்லை.