நாலாம் கீபோர்டில் ஈ இல்லை

வினிப்பெக். சனிக்கிழமை. மைனஸ் இருபத்தெட்டு.
நூலகத்தின் நிலவறையில் ஆறு கீபோர்டு.
ரப்பர் பாயில் பூட்ஸெல்லாம்
உப்புத் தண்ணீர் கசியக் குந்தியிருக்கின்றன.
முதலில் விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள் என்றேன்.
அதற்கே ஐந்து நிமிடச் சிரிப்பு.

பிறகு பாடம்:
ஒன்றை அழுத்து, ஒன்றை விடு,
ஒன்றை அழுத்து, ஒன்றை விடு,
ஒன்றை அழுத்து.
பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல்.
"ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரியா?" என்றான் அக்ஷரன்.
அதேதான். ஒட்டி உட்கார்ந்தால் அடித்துக்கொள்வார்கள்,
ஒன்று விட்டு வைத்தால் சொந்தம்.
என்ன சொன்னான் என்று ஜஸ்லீன் கேட்டாள்.
மொழிபெயர்க்க வரவில்லை. விரலைக் காட்டினேன்.

சி, ஈ, ஜி.
ஐந்து கீபோர்டில் கதவு திறந்தது.
நாலாவதிலிருந்து வேனிலின் குரல்:
"டீச்சர், ஈ செத்துப்போச்சு."
தமிழ் தெரிந்ததுகள் விழுந்து விழுந்து சிரித்தன,
தெரியாததுகள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தன.

போன வாரம் யாரோ கொட்டிய ஆப்பிள் ஜூஸ்.
கட்டை இறங்குகிறது, ஏறுகிறது,
சத்தம் மட்டும் இல்லை.
சியும் ஜியும், நடுவே ஆளில்லாமல்,
கலியாணமா செத்தவீடா என்று சொல்லாத
காலிக் கூடம்.

இடம் மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம்.
பழுதுபார்க்கக் காசு கேட்டு எழுதவேண்டும் என்று
உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு
மூன்று எண்ணினேன், எல்லோரும் மறுபடி.

நாலாவது நிறைந்து கேட்டது.

குனிந்து பார்த்தேன்.
செத்த கட்டையை நடுவிரலால் அழுத்தியபடி
வாயை மூடிக்கொண்டு
தானே முனகுகிறாள் அந்த ஈயை.
விரலை எடுத்தால் நிறுத்துகிறாள்.
சுருதி ஒரு மயிரிழை குறைவு. சொல்லவில்லை.

அடுத்தது சோகக் கட்டு.
நடுவிரல் மட்டும் இடப்பக்கம், கறுப்புக்கு.
"லைட் அணைஞ்சுட்டுது" என்றான் அக்ஷரன், கூரையைப் பார்த்து.
கறுப்புக் கட்டைக்கு ஜூஸ் எட்டவில்லை போலும்:
வேனிலின் கீபோர்டும் முழுதாய் ஒலித்தது,
ஒரு குறையும் இல்லாமல்.

அவள் ஒருதரம் கேட்டாள்.
"இது வேலை செய்யுது" என்றாள்,
ஏமாந்த குரலில்.
விரலைத் திரும்ப வெள்ளைக்குக் கொண்டுபோய்
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு
என் கை எப்போது இறங்கும் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.