வரிசை எண் பத்து

பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பு இல்லை
என்றது சுற்றறிக்கை. தட்டச்சு செய்தவள் நான்.
பர்மிய மொழி, சான்றிதழ்ப் படிப்பு, ஆறு மாதம்,
சனி, ஞாயிறு. கட்டணம் இரண்டாயிரத்து நானூறு.
தென்கிழக்காசிய ஆய்வு மையம், மாடியேறி
இடப்பக்கம் மூன்றாவது அறை.
ஜன்னலைத் திறந்தால் நாகமலை படுத்திருக்கும்.
மின்விசிறியைப் போட்டால்
சுவர்ப்படத்தில் ஐராவதி ஆறு படபடக்கும்.

ஒன்பது பேர் வந்தார்கள்.
உதவித்தொகை நிபந்தனைக்காக ஆய்வு மாணவர் ஆறு பேர்.
யாங்கூன் உளுந்து இறக்கும் கீழமாசி வீதிக்காரர்,
விலை கேட்குமளவுக்கு வந்தால் போதும் என்று.
செவிலியர் பொன்ராணி. ஏனென்று சொல்லவில்லை.
காளவாசலில் அத்தோ கடை போடும் உதுமான் கனி.
பத்தாவதாக என் பெயரை எழுதினேன்,
மாணவர் கையொப்பமும் நான்,
சரிபார்த்தவர் கையொப்பமும் நான்.

முதல் பாடம் 'லா'.
தாழ்த்திச் சொன்னால் வா.
வெடுக்கென்று நிறுத்தினால் நிலா.
உயர்த்தி இழுத்தால் வாக்கியக் கடைசியில் கேள்வி.
'சா' என்றால் சாப்பிடு;
இதை மட்டும் யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

உதுமான் கனிக்கு மொழி முன்பே தெரியும்,
எழுத்துத்தான் தெரியாது.
மோல்மேனில் பிறந்து கப்பலில் வந்து சேர்ந்த அம்மா
அவரிடம் மட்டும் பேசிய மொழி.
உப்பு தெரியும், அடுப்பு தெரியும்,
எழுந்திரு, ஓடாதே, திருட்டுப்பயலே தெரியும்.
அரசு, உறவு, வளர்ச்சி தெரியாது.
அவர் வாய் திறந்தால்
இன்பவள்ளி மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

ஏப்ரல் பன்னிரண்டு, தண்ணீர்த் திருவிழா.
பண்பாட்டு நிகழ்வுக்கு நிதி ஒன்பதாயிரம்.
லாரி வரவில்லை.
'பங்கேற்பாளர் ஒருவருக்கு ஒரு தம்ளர்' என்று
இன்னொரு சுற்றறிக்கை அடித்தேன்.
விடுதிப் பின்புறத்து நாவல் கொத்தை ஒடித்து வந்து
எவர்சில்வர் வாளியில் முக்கி
இயக்குநர் பதிவாளர் தோளில் தெளித்தார்.
பதிவாளர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.
நூற்றிருபது தட்டு அத்தோ, உதுமான் கனி கொண்டுவந்தது.
மூன்று விலைப்புள்ளி இல்லாததால்
பில் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்த் தேர்வாளர்.
குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.
உதுமான் கனி சொல்லத் தொடங்கினார்,
கடகடவென்று, ஏதோ கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.
பிறகு நின்றுவிட்டார்.
தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

இருபத்தைந்துக்குப் பதினொன்று.
குறிப்பு: மரியாதை விகுதிகள் அறவே இல்லை.

விகுதி எப்படி இருக்கும்?
பெற்ற பிள்ளையிடம் எவள் 'நீங்கள்' போடுவாள்?
அந்த மொழியில் அவருக்கு இன்னும் ஏழு வயது.
அந்த மொழியில் அவரை யாரும்
உட்காருங்கள் என்று சொன்னதே இல்லை.

பதினொன்றைத்தான் பதிந்தேன்.
கை கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.
எனக்கு இருபது.
விகுதி எல்லாம் சரி,
சொல்வதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று உள்ளூர் விடுமுறை.
தோல்பையால் பீய்ச்சிய தண்ணீரில்
தெப்பமாக நனைந்து,
பஸ் கிடைக்காமல் காளவாசல் வரை நடந்தே வந்தேன்.
பாலத்துக்கு மேலே முழுசாய்ச் சித்திரை நிலா.
கல்லில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.
பில்லைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து
முந்திக்கொண்டு ஏதாவது பேச நினைத்து,
முழு வாக்கியத்தையும் மறந்து
கடைசி எழுத்தை மட்டும் சொன்னேன்:
லா.

கரண்டி நின்றது.
"வான்னு சொன்னீங்களா, நிலாவையா?"
நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.
"கேள்வின்னா,
இன்னும் சாப்பிடலை."