வகைமாதிரி

முன்பு மார்கரின் இருந்த டப்பா.
உள்ளே ஈரமண், வாழைச்சருகு,
அதன்மேல் இரண்டு துண்டாக
நீலமும் ஊதாவும் கலந்த ஓர் உடல்.

"கொத்தும்போது பட்டுவிட்டது" என்றாள் ம்கோய்.
மன்னிப்பு இல்லை, தகவல்.
பாம்பு என்று வெட்டினாயா?
"பார்க்கவே இல்லை. மக்காச்சோளத்துக்குக் கொத்தினேன்."
இந்த டைட்டா மலைச்சரிவில்
மண்புழுவுக்கும் இதற்கும் ஒரே பெயர்.

வோயிலிருந்து நைரோபிக்கு இரவுப் பேருந்து.
மடியில் டப்பா.
சாப்பாடா என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
ஆமாம் என்றேன்;
விளக்கினால் விடிந்துவிடும்.

லென்ஸுக்கடியில் வளையங்களை எண்ணுகிறேன்,
ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு.
ஐம்பத்தெட்டில் தொலைபேசி.
மறுபடி ஒன்றிலிருந்து.
தெரிந்த இனம் எதற்கும் இத்தனை வளையம் இல்லை.
மூன்றுமுறை எண்ணியும் நம்பவில்லை, நான்காவதில் வியர்த்தது.

கண் உண்டு. அதன்மேல் எலும்பு,
சன்னல் வைத்த பிறகு
சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டது போல.
கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே
கடுகளவு உணர்கொம்பு.
புழுவுக்கு ஏது முதுகெலும்பு,
பாம்புக்கு ஏது இந்தத் தவளை ஈரம்?
ஈரறிவா மூவறிவா என்று
மேலே நின்று எண்ணுகிறவனுக்கு
மண்ணுக்குள் இருப்பது எப்போதும்
ஓர் அறிவு குறைவுதான்.

விலாவில் தோல் வெளுத்து உரிந்திருந்தது.
அதையும் மண்வெட்டி என்றே குறித்தேன்.
பிறகு விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்:
வெட்டு இல்லை,
வரிசை வரிசையாய்ச் சின்னக் கொறிப்புகள்.
இந்தக் குடும்பத்தில் குட்டிகள்
தாயின் தோலைச் சுரண்டித் தின்று வளரும்.

குறித்ததை அடித்தேன்.
அடித்த இடத்தில் எழுத
வெகுநேரம் எதுவும் வரவில்லை.

'எழுபத்தொன்றாம் வளையம் சிதைவு' என்று
விவரிப்பில் எழுதினேன்.
'சேகரித்த முறை' என்ற கட்டத்தில்
வலை, பொறி, கை என்று மூன்றே வாய்ப்பு;
ஓரத்தில் 'மண்வெட்டி' என்று சேர்த்தேன்.
கட்டுரையை மதிப்பிட்டவர் கேட்டிருந்தார்:
முழுதான மாதிரி ஒன்று கிடைக்காதா?

ம்கோயைக் கூப்பிட்டேன்.
அது தாய், குட்டிகள் அங்கேயே இருந்திருக்கலாம் என்றேன்.
இரைச்சல் மட்டும் கேட்டது,
காற்றோ, அவள் மூச்சோ.

"வாழையடியில் ஒரு மூலையைக்
கொத்தாமல் விட்டிருக்கிறேன்" என்றாள்.
"எப்போதிருந்து?"
"நீ டப்பாவோடு போன அன்றிலிருந்து.
களை மண்டிக் கிடக்கிறது, வந்து பார்"
என்றாள்,
குற்றம் என்னுடையது போல.