ஆறாம் எண் பதில்

அலுவலகம் என்பது பெரிய பெயர்.
லீட்ஸ் நகரில், தோல் பதனிடும் கொட்டகைக்கு மேலே
இரண்டு அறை.
ஒன்றில் சாராயம், அபின், கருக்கிய சர்க்கரை,
முற்றத்துக் குழாய்த் தண்ணீர்.
மற்றதில் நான்.

நான்தான் டாக்டர் லூசியஸ் ஆர்ம்ராய்ட்,
காலை எட்டு முதல் மாலை ஏழு வரை,
வாரம் ஒன்பது ஷில்லிங்குக்கு.

கடிதங்கள் வரும்.
காது இரைச்சல், கால் வீக்கம், கல்யாண பயம்,
மூன்று பக்கம் சுற்றி வளைத்துப்
பின்குறிப்பில் மட்டும் ஒப்புக்கொள்ளும் மூலம்.
ஈரலுக்கு இரண்டாம் எண் பதில்,
நரம்புக்கு ஐந்து,
பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு எட்டு.
எந்தப் பதிலானாலும் அடியில் அதே புட்டி.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியனாம்.
பிறக்கவே பிறக்காத எங்கள் வைத்தியருக்கு
அந்தக் கணக்கை யார் எழுதி வைக்கிறார்கள்?

முகம் மட்டும் அவருக்கு உண்டு.
மூடிப்போன புகைப்பட நிலையத்தில்
யாரும் வந்து வாங்காத படங்கள் ஒரு பெட்டி,
நாலு ஷில்லிங்குக்கு ஏலம் எடுத்தார் முதலாளி தாக்வ்ரே.
தாடி நன்றாக இருந்தது.
மர அச்சு செதுக்கியவன் நேர்மைக்காரன்,
புருவத்தை வெட்டிப் போகும் வடுவையும் விடவில்லை.
"அனுபவசாலி போல் தெரிகிறது. இருக்கட்டும்."

பிப்ரவரியில் விட்பி துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்.
கெஸையா ஸ்ட்ரோதர். வலை பின்னுகிறவள்.

"ஐயா,
பையனின் இருமலுக்கு ஒரு புட்டி வாங்கினேன்.
புட்டியில் என் கணவர் இருக்கிறார்.
அந்தப் புருவம் நான் தைத்தது.
பாய்க்கயிறு அறுந்து அடித்த இரவு,
வீட்டில் கறுப்பு நூல்தான் இருந்தது.
ரீகாவுக்குக் கரிக்கப்பல் ஏறி ஒன்பது வருடம்.
ஈனக்குக்கு எழுத்தே வராது. டாக்டர் ஆகிவிட்டார் என்றால்
எனக்குக் கோபம் இல்லை.
பையனுக்குப் பத்து வயது என்று மட்டும் சொல்லுங்கள்.
இருமல் இன்னும் நிற்கவில்லை."

முதலாளி உதடு அசையப் படித்தார். பிறகு,
"இருமல்தானே? ஆறாம் எண்.
அரை டஜனுக்கு ஒன்று இலவசம் என்றும் சேர்."

ஆறாம் எண் இப்படித் தொடங்கும்:
அன்புள்ள நண்பரே, உங்களை நேரில் கண்டதுபோல் உணர்கிறேன்.
கீழே கையொப்பம் போட்டேன், வழக்கமான சுழியோடு.

அதன்பிறகு மாதம் ஒரு புட்டி.
காசுக்குப் பதில் தபால்தலைகள்,
ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
குடிப்பதில்லையாம்.
ஜன்னல் விளிம்பில் வரிசையாக,
முகம் வீட்டுக்குள் பார்க்கும்படி வைத்திருக்கிறாளாம்.
"பையன் அவருக்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறான்.
இருமல் நின்றுவிட்டது."
குடிக்காததால் இருக்கும்
என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் முதலாளிக்குப் புது யோசனை.
தாடிக்கு மவுசு போய்விட்டது,
இனி லேபிளில் வெள்ளைத் தொப்பி வைத்த செவிலி.
பழைய மர அச்சு
கதவு ஆடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்தது.

ஜூனில் அவளிடமிருந்து சின்னக் கடிதம்.

"ஐயா, புதுப் புட்டியில் அவர் இல்லை.
இறந்துவிட்டாரா?
கறுப்பு உடை ஒன்று ஒன்பது வருடமாக மடித்தபடியே இருக்கிறது,
பூச்சி அரிக்கிறது.
உடுத்தலாமா கூடாதா, அதை மட்டும் எழுதுங்கள்."

இதற்கு எண் இல்லை.
ஒன்று முதல் பதினான்கு வரை புரட்டிவிட்டேன்.

கதவடியிலிருந்து அவரை உருவியெடுத்து
முந்தானைத் துணியால் மை துடைத்து
பழுப்புத் தாளில் சுற்றினேன்.
"அம்மா, இவரை ஒரு பெட்டியில் கண்டெடுத்தோம்.
அதற்கு முன்னும் பின்னும்
எங்களுக்கு ஒன்றும் தெரியாது."
கை தானாக லூசியஸ் என்று எழுதிச் சுழிக்கவும் போய்விட்டது.
அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: டோர்கஸ் ஃபிர்த்.
பத்து வருடத்தில் இந்த மேசையில்
அந்தப் பெயரை எழுதியதில்லை; எழுத்து கோணிற்று.

தபால் செலவு ஐந்து பென்னி, என் காசு.

கதவு அடித்துக்கொள்கிறது.
உள்ளறையிலிருந்து முதலாளி கத்துகிறார்,
யார் அதைத் திறந்துவிட்டது,
தோல் நெடி தாங்கவில்லை என்று.